பனித்தளத்தில் பதிந்த தடம்

ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாடுகளில் பனி ஹாக்கி அதிகம் அறியப்படாத விளையாட்டு. கனடாவிலோ அது மக்களின் இரத்தத்தில் ஊறியது. குளிர்காலம் வந்தால் அங்கு ஏரிகளும் ஆறுகளும் உறைந்து கல்லாக இறுகிவிடும். நடை பழகிய சில காலத்திலேயே குழந்தைகள் சறுக்குக் காலணி அணிந்து அந்த உறைபனியின்மேல் இறங்கிவிடுவார்கள். புல்தரை ஹாக்கியில் பந்து உருளும். பனி ஹாக்கியில் பந்து கிடையாது. ‘பக்’ எனப்படும் கெட்டியான இரப்பர் வட்டு பனியின்மேல் வழுக்கிச் செல்லும். அதன் எடை ஏறத்தாழ 170 கிராம்தான். ஆனால், வலுவான விளையாட்டாளர் ஒருவர் மட்டையை ஓங்கி அடித்தால் அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பறக்கும். எதிராளியைத் தோளால் மோதித் தடுப்பதற்கும் இவ்விளையாட்டின் விதிகள் இடமளிக்கின்றன. ஆகவே, வட்டு எங்கிருந்து வருகிறது, மோத வருபவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதை நொடிப்பொழுதில் கண்டுகொள்ள வேண்டும். இத்தகைய விளையாட்டை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கண்ணின் பார்வையோடு தொழில்முறையில் விளையாடினார் ஒருவர். அவர்தான் வில்லி எல்டன் ஓரீ.

ஓரீ 1935ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் உள்ள பிரடெரிக்டன் நகரில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி அவர். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து, தப்பித்துக் கனடாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அக்குடும்பத்தார். அந்நகரில் கறுப்பினக் குடும்பங்கள் மிகச் சிலவே இருந்தன. மூன்று வயதில் சறுக்கத் தொடங்கிய ஓரீ, ஐந்து வயதில் முறையான குழுவில் ஹாக்கி விளையாடத் தொடங்கினார். அண்ணன் ரிச்சர்ட் அவருக்கு முதல் ஆசானாக விளங்கினார். பனியில் மோதி விழுந்தால் எப்படி எழுவது என்பதை மட்டுமன்று, பிறர் வீசும் இழிசொற்களைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எப்படிக் கடந்து செல்வது என்பதையும் அண்ணன் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார்.

பள்ளிப் பருவத்தில் ஓரீ ஹாக்கியோடு பேஸ்பாலும் விளையாடினார். 1949ஆம் ஆண்டு அவருடைய பேஸ்பால் குழு வெற்றியாளர் பட்டத்தை வென்றது. அதற்குப் பரிசாகக் குழுவினர் நியூயார்க் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே அவர்கள் ஜேக்கி ராபின்சனைச் சந்தித்தார்கள். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டிகளில் இனத்தடையை உடைத்து விளையாடிய கறுப்பின வீரர் அவர். “நான் ஹாக்கியும் விளையாடுகிறேன்,” என்று சிறுவன் ஓரீ அவரிடம் சொன்னான். கறுப்பினச் சிறுவர்களும் ஹாக்கி விளையாடுவார்கள் என்பது ராபின்சனுக்குப் புதிய செய்தியாக இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, லாஸ் ஏஞ்சலிசில் நடந்த ஒரு விருந்தில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, புரூக்ளினில் கண்ட அந்தச் சிறுவனை ராபின்சன் நினைவு வைத்திருந்தார். அதற்குள் அந்தச் சிறுவனும் தன் விளையாட்டில் ஒரு தடையை உடைத்திருந்தான்.

ஆனால், அந்த இடத்தை அடைவதற்கு முன் ஓரீக்குப் பேரிடி ஒன்று காத்திருந்தது. 1955–56 பருவத்தில் அவர் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள கிச்சனர் நகரின் இளையோர் குழுவுக்காக விளையாடிக்கொண்டிருந்தார். அக்காலத்தில் விளையாட்டாளர்கள் பெரும்பாலும் தலைக்கவசம் அணிவதில்லை. முகத்தை மறைக்கும் தடுப்பும் கிடையாது. ஓர் ஆட்டத்தில், வேகமாக அடிக்கப்பட்ட வட்டு எதிலோ பட்டுத் திசைமாறி ஓரீயின் முகத்தைத் தாக்கியது. மூக்கெலும்பும் கன்ன எலும்பும் முறிந்தன. வலக்கண்ணின் விழித்திரை சிதைந்தது. மருத்துவமனையில் கண்விழித்தவரிடம், வலக்கண்ணின் பார்வை போய்விட்டது என்றும் இனி ஹாக்கி விளையாட முடியாது என்றும் மருத்துவர் கூறினார். அப்போது ஓரீக்கு இருபது வயதுதான்.

அடுத்த சில வாரங்களிலேயே அவர் மீண்டும் பனித்தளத்தில் இறங்கினார். தன் கண்ணைப் பற்றி மிக நெருங்கிய ஓரிருவரைத் தவிர வேறு எவருக்கும் அவர் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. தேசிய ஹாக்கி லீக்கின் விதி, ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர் விளையாடுவதற்கு இடந்தரவில்லை. உண்மை வெளிப்பட்டால் அந்த நொடியே அவருடைய கனவு முடிந்துவிடும்.

அவர் செய்தது சரியா என்ற கேள்வி எழலாம். அந்த விதி விளையாட்டாளரின் நலனுக்காகவே வகுக்கப்பட்டது. எஞ்சிய கண்ணும் அடிபட்டால் வாழ்வே இருண்டுபோகும். அந்த ஆபத்தை ஓரீ அறியாதவர் அல்லர். அறிந்தே அதனைச் சுமந்தார். அந்தச் சுமைக்கு ஒரு விலையும் இருந்தது. வட்டைத் தவறவிட்டாலும், வலப்பக்கத்திலிருந்து மோத வந்தவரைக் கவனிக்காமல் கீழே விழுந்தாலும், அதற்கான உண்மைக் காரணத்தை அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பயிற்றுநர் கடிந்துகொண்டபோதும் வாய்திறக்க வழியில்லை. பல ஆண்டுகள் அவர் இவ்வாறே விளையாடினார்.

1956ஆம் ஆண்டு இன்னொரு வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. மில்வாக்கி பிரேவ்ஸ் என்னும் பேஸ்பால் குழு, அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த தேர்வு முகாமுக்கு அவரை அழைத்தது. விமான நிலையத்தில் இறங்கியதும் அவர் கண்ணில் பட்டவை ‘வெள்ளையருக்கு மட்டும்’, ‘கறுப்பருக்கு மட்டும்’ என்று பிரித்து எழுதப்பட்டிருந்த கழிப்பறைப் பலகைகள். முகாமில் அவர் தேர்வு பெறவில்லை. பேருந்தில் வீடு திரும்பும் பயணம் ஐந்து நாள் நீடித்தது. தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் பேருந்தின் பின்வரிசையில்தான் அமர வேண்டும். பேருந்து வடக்கே செல்லச் செல்ல ஓரீ வரிசை வரிசையாக முன்னேறினார். கனடாவின் எல்லையை நெருங்கியபோது அவர் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தார். பேஸ்பாலை விட்டுவிட்டு ஹாக்கியில் மட்டுமே கவனம் செலுத்துவது என்று அப்பயணத்தில் அவர் உறுதிபூண்டார்.

அதே ஆண்டு கியூபெக் ஏசஸ் என்ற தொழில்முறைக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓரீக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அதே குழுவில் ஹெர்ப் கார்னகி என்ற கறுப்பின வீரர் ஒளிர்ந்திருந்தார். தேசிய லீக்கில் விளையாடும் தகுதி கார்னகிக்கு முழுமையாக இருந்தது என்று அவரோடு விளையாடியவர்கள் கூறினர். ஆயினும், அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட அவருக்குக் கிட்டவில்லை. தகுதி பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஓரீ அல்லர். கதவு திறக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரே அவர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது.

அன்றைய தேசிய ஹாக்கி லீக்கில் ஆறு குழுக்கள் மட்டுமே இருந்தன. மொன்றியல், டொரண்டோ, பாஸ்டன், நியூயார்க், டெட்ராய்ட், சிகாகோ ஆகிய நகரங்களின் குழுக்கள் அவை. எல்லாக் குழுக்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 120 பேருக்குத்தான் இடம் இருந்தது. அந்த இடத்தைப் பிடிக்க நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் போட்டியிட்டனர். 1958ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பாஸ்டன் புருயின்ஸ் குழுவில் ஓர் இடம் காலியானது. ஓரீக்கு அழைப்பு வந்தது.

1958 ஜனவரி 18ஆம் நாள், மொன்றியல் நகர அரங்கில் ஓரீ பாஸ்டன் குழுவின் சீருடையில் களம் இறங்கினார். 1917இல் தொடங்கப்பட்ட தேசிய ஹாக்கி லீக்கில் ஒரு கறுப்பின விளையாட்டாளர் ஆடியது அதுவே முதல் முறை. பாஸ்டன் குழு 3–0 என்ற கோல் கணக்கில் வென்றது. வரலாறு படைக்கப்பட்ட அந்த இரவில் பெரிய ஆரவாரம் எதுவும் எழவில்லை. தாம் ஓர் இனத்தடையை உடைத்ததை மறுநாள் செய்தித்தாளைப் படித்துத்தான் ஓரீயே அறிந்துகொண்டார். அப்பருவத்தில் இரண்டு ஆட்டங்களில் மட்டும் ஆடிவிட்டு அவர் கியூபெக் குழுவுக்குத் திரும்பினார்.

1960–61 பருவத்தில் பாஸ்டன் குழு அவரை மீண்டும் அழைத்தது. இம்முறை அவர் 43 ஆட்டங்களில் விளையாடினார். 1961 புத்தாண்டு நாளில், பாஸ்டனின் சொந்த அரங்கில் மொன்றியல் குழுவுக்கு எதிராகத் தம் முதல் கோலைப் புகுத்தினார். பாஸ்டன் 3–2 என்று வென்ற அவ்வாட்டத்தில், இரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எல்லா அரங்குகளிலும் கைதட்டல் கிடைக்கவில்லை. குறிப்பாக, வேறு சில அமெரிக்க நகரங்களில் அவருடைய தோலின் நிறத்தைப் பழித்துக் கூச்சலிட்டார்கள். சிகாகோவில் நடந்த ஓர் ஆட்டத்தில் எதிர்க்குழு விளையாட்டாளர் ஒருவர் இழிசொல் கூறியதோடு நில்லாமல், மட்டையின் முனையால் அவருடைய வாயில் குத்தினார். ஓரீயின் முன்பற்கள் உடைந்தன. அவரும் திருப்பி அடித்தார். அரங்கில் பெரும் கைகலப்பு மூண்டது. பின்னாளில் இதனைப் பற்றிப் பேசியபோது, தம் நிறத்தின் பொருட்டுத் தாம் ஒருபோதும் சண்டையைத் தொடங்கியதில்லை என்று அவர் கூறினார். தம்மைத் தாக்கியவர்களை எதிர்கொண்டார். வெறும் சொற்களை விட்டுவிட்டார். அண்ணன் கற்றுக்கொடுத்த பாடம் அது.

பருவம் முடிந்தபோது, அடுத்த ஆண்டும் தமக்கு இடம் உண்டு என்று ஓரீ நம்பியிருந்தார். ஆனால், சில வாரங்களில் அவர் மொன்றியல் குழுவுக்கு மாற்றப்பட்டார். அப்போது லீக்கிலேயே வலிமை மிக்க குழுக்களில் ஒன்று அது. அங்கே புதியவர் ஒருவர் இடம்பிடிப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. தேசிய ஹாக்கி லீக்கில் அவர் மீண்டும் விளையாடவே இல்லை. மொத்தம் 45 ஆட்டங்கள், 4 கோல்கள், கோலுக்கு உதவியவை 10. அந்த லீக்கின் ஏட்டில் அவர் பெயருக்கு நேரே உள்ள கணக்கு இவ்வளவுதான்.

அந்த ஏட்டோடு ஓரீயின் கதை முடிந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கலிபோர்னியாவுக்குச் சென்றார். பனியே பெய்யாத லாஸ் ஏஞ்சலிசில், குளிரூட்டப்பட்ட அரங்குக்குள் மேற்கத்திய ஹாக்கி லீக்கின் ஆட்டங்கள் நடைபெற்றன. அந்நகரின் பிளேட்ஸ் குழுவில் அவர் இணைந்தார். அங்குதான் அவருடைய ஆட்டத்தை மாற்றிய ஒரு திருப்பம் நிகழ்ந்தது.

அதுவரை ஓரீ இடப்பக்க முன்னணி விளையாட்டாளராகவே ஆடிவந்தார். களத்தின் இட ஓரத்தில் முன்னேறுபவருக்குக் களத்தின் பெரும்பகுதி வலப்பக்கத்தில் இருக்கும். சக விளையாட்டாளர்கள் தள்ளிவிடும் வட்டும் அப்பக்கத்திலிருந்தே வரும். அவருக்கோ அந்தப் பக்கம் இருட்டு. ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுவதுமாகத் திருப்பி, இடக்கண்ணால் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலிசில் பயிற்றுநர் அவரை வலப்பக்கத்திற்கு மாற்றினார். இப்போது களம் முழுவதும் அவருடைய இடப்பக்கத்தில் விரிந்தது. வட்டு வருவது தெரிந்தது. மோத வருபவர் தெரிந்தார். கண் மாறவில்லை, நின்ற இடம் மாறியது. தெரியாத பக்கத்தை எண்ணி வருந்துவதைவிடத் தெரியும் பக்கத்தில் கவனத்தைக் குவிக்க வேண்டும் என்பதை ஓரீ பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

விளைவு வியப்பளித்தது. 1964–65 பருவத்தில் அவர் 38 கோல்களைப் புகுத்தினார். 1967இல் சான் டியாகோ நகரின் கல்ஸ் குழுவுக்கு மாறிய அவர், 1968–69 பருவத்தில் மீண்டும் 38 கோல்களை எட்டினார். மேற்கத்திய லீக் 1974இல் கலைக்கப்பட்டது. அதன் பிறகும் அவர் மட்டையைக் கீழே வைத்துவிடவில்லை. 1979ஆம் ஆண்டு, தம் 43ஆம் வயதில்தான் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார். மிக உயர்ந்த லீக்கில் இடமில்லை என்றதும் பலர் விளையாட்டையே விட்டுவிடுவார்கள். ஓரீ தமக்குக் கிடைத்த களத்தில் முழு மனத்தோடு விளையாடினார். சான் டியாகோ இரசிகர்களுக்கு அவர் வரலாற்று மனிதராகத் தெரியவில்லை; வாரந்தோறும் கோல் போடும் தங்கள் ஊர் வீரராகவே தெரிந்தார்.

இதற்கிடையே தேசிய லீக்கில் என்ன நடந்தது? ஓரீ திறந்த கதவின் வழியே உடனே பலர் நுழைந்துவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. இரண்டாவது கறுப்பின விளையாட்டாளரான மைக் மார்சன், 1974ஆம் ஆண்டில்தான் வாஷிங்டன் குழுவில் இடம்பெற்றார். ஓரீயின் கடைசி ஆட்டத்துக்கும் மார்சனின் முதல் ஆட்டத்துக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டதால் மட்டும் கதவு எல்லாருக்கும் திறந்துவிடாது. மட்டையும் சறுக்குக் காலணியும் விலை மிகுந்தவை. பயிற்சி அரங்குக் கட்டணமும் அதிகம். அவற்றோடு, “இது நமக்குரிய விளையாட்டன்று,” என்னும் எண்ணமும் பல குழந்தைகளைத் தடுத்தது.

அந்தக் கதவை அகலத் திறக்கும் வேலை, ஓரீக்கு அறுபது வயது கடந்த பிறகு கிடைத்தது. 1998ஆம் ஆண்டு தேசிய ஹாக்கி லீக் அவரை இளையோர் மேம்பாட்டுப் பணிக்கு அமர்த்தியது. அவர் வட அமெரிக்கா முழுவதும் பயணம் செய்தார். பள்ளிகளுக்கும் அரங்குகளுக்கும் சென்று, பனியையே மிதித்திராத பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். வசதி குறைந்த பிள்ளைகளுக்கும் விளையாட வழிசெய்யும் திட்டங்களில் பங்கேற்றார். அரங்கில் கோல் போட்டதைவிட இப்பணியில் அவர் தொட்ட உள்ளங்கள் பல மடங்கு அதிகம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல்லாக இறுகியிருந்த வழக்கமும் இவ்வாறே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

பாராட்டுகள் தாமதமாகவே வந்தன. பிரடெரிக்டன் நகரம் தன் விளையாட்டு அரங்கு ஒன்றுக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. கனடா நாட்டின் உயரிய விருதான ‘ஆர்டர் ஆப் கனடா’ அவருக்கு வழங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு, டொரண்டோவில் உள்ள ஹாக்கி புகழ் மண்டபத்தில் அவர் இடம்பெற்றார். அந்தச் சிறப்பு விளையாட்டாளர் என்ற பிரிவில் அன்று, விளையாட்டை வளர்த்தவர் என்ற பிரிவில் அளிக்கப்பட்டது. 2022 ஜனவரி 18ஆம் நாள், அவர் முதன்முதலாகக் களம் இறங்கியதன் 64ஆம் ஆண்டு நிறைவில், பாஸ்டன் குழு அவர் அணிந்த 22ஆம் எண்ணை ஓய்வுபெறச் செய்து அரங்கின் உச்சியில் ஏற்றியது. அக்குழுவில் இனி எவரும் அந்த எண்ணை அணிய மாட்டார்கள். அதே மாத இறுதியில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கும் சட்டமும் நிறைவேறியது. ஹெர்ப் கார்னகியையும் அதே ஆண்டு புகழ் மண்டபம் ஏற்றுக்கொண்டது. ஆனால், அவர் அப்போது உயிரோடு இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார்.

விளையாட்டு உலகம் எதையும் எண்களால் அளக்கப் பழகியது. அந்த அளவுகோலின்படி பார்த்தால், 45 ஆட்டங்களும் 4 கோல்களும் பெரிய சாதனை ஆகா. ஆனால், ஒரு கண்ணில் பார்வை இழந்தும் ஆடியதை அந்த எண்கள் சொல்லா. இழிசொற்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றதையும், வேறோர் ஊரில் வேறோர் இடத்தில் நின்று மீண்டும் தொடங்கியதையும் அவை சொல்லா. முதியவரான பின்பும் முன்பின் அறியாத பிள்ளைகளின் காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பனியில் இறக்கிவிட்ட கைகளை எந்தக் கணக்கேட்டிலும் காண முடியாது. இன்று தேசிய ஹாக்கி லீக்கில் கறுப்பின விளையாட்டாளர் ஒருவர் களம் இறங்கினால், அது செய்தியாவதில்லை. அவர் எப்படி விளையாடினார் என்பதே செய்தியாகிறது. ஓரீ விரும்பியதும் அதுதான்.